வண்ணக் கேரட்: வீட்டுத் தோட்டப் பாடம்

ஒருவர் விதைத்த பயிரை மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியில் இருப்பதை நாம் அறிவோம். அந்த எண்ணத்தில்தான் சென்ற பருவத்தில் நம் பகுதிக் குடும்பங்களுக்கு விதைகள் கொடுத்தோம். கத்தரியும் வெண்டையும் நன்றாக வந்தன. கேரட் விதை வாங்கிய தாய்மார்கள் பலர் "முளைக்கவே இல்லை" என்றார்கள். சிலர் "இலை வந்தது, கிழங்கு இல்லை" என்றார்கள். குறை அவர்களிடம் இல்லை. எப்படி விதைப்பது என்று சொல்லாமலே பொட்டலத்தைக் கொடுத்த எங்களிடம்தான்.

கேரட் என்றால் ஆரஞ்சு என்று பழகிவிட்டோம். முதலில் பயிரானவை ஊதாவும் மஞ்சளும்தான், அதுவும் ஆப்கானிஸ்தானை ஒட்டிய பகுதியில். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த வேளாண் அறிஞர் இப்னுல் அவ்வாம் சிவப்பு, மஞ்சள் கேரட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரஞ்சு பின்னால் பரவியது. இன்று டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிரா சிவப்பு, பூசா அசிதா கருஊதா. இரண்டும் சமவெளியின் குளிர்காலத்துக்கு ஏற்றவை. நம் ஊரில் பெருமழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் கார்த்திகைக் கடைசி, மார்கழி மாதங்களில் விதைக்கலாம்.

ஓரடி ஆழமுள்ள தொட்டியோ பையோ போதும். செம்மண், மணல், நன்றாக மட்கிய தொழுவுரம் கலந்து, கல்லையும் கட்டியையும் சலித்து எடுத்துவிடுங்கள். கல் தட்டினால் கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரும். பச்சைச் சாணி போட்டாலும் அப்படித்தான். இலை மட்டும் செழிப்பதற்குப் பெரும்பாலும் உரம் மிகுதியும் நெருக்கமும் காரணம்.

கத்தரி போல நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது. ஆணிவேர் மடங்கினால் கிழங்கு கோணிவிடும். பொடி விதையை மணலோடு கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாகத் தூவுங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். பத்தாம் நாள் "வராது" என்று தண்ணீரை நிறுத்தியவர்களே அதிகம். ஒரு நாள் மேல்மண் காய்ந்தாலும் முளை கருகிவிடும். ஈரச் சாக்கை மேலே போட்டு, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். சோப்பு கலக்காத ஒளூத் தண்ணீரைப் பிடித்து வைத்தும் ஊற்றலாம். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முளை வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

செடி இரண்டு அங்குலம் வளர்ந்ததும், செடிக்குச் செடி இரண்டு, மூன்று அங்குலம் இருக்கும்படி மற்றவற்றைக் களையுங்கள். மனம் வராது, ஆனாலும் களையத்தான் வேண்டும். கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் மண் அணைக்கவும். வெயில் பட்டால் பச்சையாகும். காயவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். 80 முதல் 100 நாளில் பிடுங்கலாம்.

ஊதாக் கேரட்டை வேகவைத்தால் சாயம் தண்ணீரில் இறங்கிவிடும். பச்சடியாகவோ ஆவியில் வேகவைத்தோ கொடுங்கள். அதன் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆரஞ்சு, சிவப்பு வகைகளைச் சிறிது எண்ணெயில் வதக்கினால் சத்து நன்றாகச் சேரும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த விதை வழங்கலில் பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சாக்கும் தருகிறோம்.