பெயரைச் சொல்லித் தேடாதே, அளவைச் சொல்லித் தேடு

நாகர்கோவில்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காலால் கியர் போடுகிற அந்தப் பழைய புல்லட்டின் பின்சக்கரப் பற்கள் ஒருபக்கமாக வளைந்து, நுனி கூர்ந்துவிட்டன. இந்த வண்டியில் ஹம்பி வரை போய்வர ஆசைப்படுகிறாய். சென்னைப் புதுப்பேட்டையில் ஒருவர் “புல்லட் டிரம் பழசு இருக்கு, அப்படியே மாட்டலாம்” என்றாராம். பணம் அனுப்பட்டுமா என்று கேட்கிறாய்.

இப்போது அனுப்பாதே மக்களே. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீ அவரிடம் சொன்னது ‘புல்லட்’ என்ற பெயர் ஒன்றைத்தான். அவரும் அந்தப் பெயருக்குத்தான் பதில் சொன்னார். பழைய வண்டிக்குச் சாமான் தேடுகிறவன் அளவைச் சொல்லித் தேட வேண்டும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் உன் காசும் மிஞ்சும், பயணமும் பத்திரமாக முடியும்.

பெயர் ஏன் போதாது என்று கேட்பாய். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் பாகங்களைப் பூட்டித்தான் புல்லட் வண்டி ஆக்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1977-இல், நம் சென்னை வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இத்தனை காலம் ஓடிய ஒரு பெயருக்குள் எத்தனை மாற்றம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். நாலு கியர் பெட்டி போய் ஐந்து கியர் வந்தது. கியர் மிதி வலதிலிருந்து இடதுக்கும், பிரேக் மிதி இடதிலிருந்து வலதுக்கும் மாறின. இரும்பு எஞ்சினுக்குப் பிறகு அலுமினிய எஞ்சின், அதற்கும் பிறகு எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உடம்பான எஞ்சின் என்று வந்தன. இவற்றோடு பின்ஹப்பும் பிரேக் தட்டும் ஆக்சிலும் சும்மா இருந்திருக்குமா? பெட்ரோல் டேங்கில் இருக்கும் எழுத்து ஒன்றாக இருப்பதால் சக்கரத்துக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே.

உன் வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் பின்பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே துண்டு. பல் தேய்ந்தால் நல்ல டிரம்மும் சேர்ந்து போகும். டிரம் கெட்டால் நல்ல பல்லும் போகும். ஆகவே பழைய டிரம் வாங்கும்போது நீ இரண்டு சாமான்களைச் சோதிக்கிறாய் என்று வைத்துக்கொள். பற்கள் இருபக்கமும் ஒரே சரிவாக இருக்கின்றனவா என்று பார். வெல்டு வைத்து ஏற்றி அரத்தால் ராவிய பல்லென்றால் நிறமும் வடிவும் காட்டிக்கொடுத்துவிடும், தொடாதே. டிரம்மின் உள்வட்டத்தை வெர்னியரால் நாலைந்து திசையில் அள. அளவு மாறினால் அது முட்டைவட்டமாகிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மிதி காலுக்கடியில் துள்ளும். லேசாக இருந்தால் லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். உள்ளே விரல்நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடு. பிறகு டிரம்மைத் தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டு. நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவு. விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து கோடு காட்டும்.

“பழைய பல்லைக் கடைந்தெடுத்துட்டுப் புது வளையத்தை வெல்டு வச்சுத் தாறேன்” என்று யாராவது சொல்லக்கூடும். சம்மதிக்காதே. வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் வெடிக்கும், கோணும். மையம் ஒரு நூல் விலகினாலும் செயின் ஒரு சுற்றில் இறுகும், மறு சுற்றில் தளரும்.

இனி அளவுக்கு வருகிறேன். நல்ல வெர்னியர் ஒன்றும் ஒரு நோட்டும் வாங்கு. முதலில் செயின். அதன் பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும். 428 என்றால் இரண்டு பின்களுக்கு நடுவே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 520, 530 இரண்டுக்கும் அந்த இடைவெளி 15.875 மில்லிமீட்டர்தான், உள்அகலம்தான் வேறு. 520-க்குக் கால் அங்குலம், 530-க்கு 3/8 அங்குலம். 530-க்கு வெட்டிய தடித்த பல் 520 செயினுக்குள் இறங்காது. மெல்லிய பல்லில் அகலச் செயின் மாட்டினால் மாட்டும். ஆனால் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிடும். பிறகு பற்களை எண்ணு. எண்ணத் தொடங்கிய பல்லில் சாக்பீஸ் குறி வைத்துக்கொள்.

பல்சக்கரத்தைத் தனியாகப் போல்ட் போட்டுப் பூட்டுகிற வண்டிகளுக்கு, உன் கூட்டாளியின் கரிஷ்மா பைக் போன்றவற்றுக்கு, இன்னும் சில அளவுகள் வேண்டும்: நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகள் எத்தனை, எதிரெதிர்த் துளைகளுக்கு இடையிலான தூரம், தகட்டின் தடிமன், பல்வரிசை உள்வாங்கியிருக்கிறதா நேராக இருக்கிறதா என்பது. துளையின் நடுப்புள்ளியைத் தேடி அலையாதே. ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் இடது விளிம்பு வரை அளந்தாலே நடுவுக்கு நடு தூரம் கிடைத்துவிடும்.

ஹப்புக்கு ஆக்சிலின் விட்டம், ஸ்விங் ஆர்மின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள அகலம், ஸ்பேசர்களின் நீளம், பிரேக் தட்டை நிறுத்திப் பிடிக்கும் இடம் எங்கே இருக்கிறது என்பது ஆகிய நான்கையும் எழுது. பேரிங்குக்கு வண்டியின் பெயரே தேவையில்லை. அதன் மேல் அடித்திருக்கும் எண் போதும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். 6204 என்றால் 20, 47, 14. உலகத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் இதே அளவுதான். பழைய ஹப்பில் பேரிங் உட்காரும் குழியை மறக்காமல் பார். புதுப் பேரிங் விரலால் அழுத்தினாலே உள்ளே விழுந்தால் அந்தக் குழி தேய்ந்துவிட்டது. அந்த ஹப் வேண்டாம்.

திருகு மரையிலும் கவனம் வை. பழைய புல்லட்டில் இங்கிலாந்துக்காரர்களின் அங்குல மரை உண்டு. பின்னால் வந்தவற்றில் மெட்ரிக் மரை கலந்துவிட்டது. எஸ்டியோ செக் நாட்டு ஜாவா வழியில் மைசூரில் 1961 முதல் 1996 வரை வந்த வம்சம்; அது முழுக்க மெட்ரிக். நட்டு இரண்டு சுற்றுக்குமேல் கையால் ஏறவில்லையென்றால் ஸ்பேனரைப் போட்டு முறுக்காதே, அது வேறு மரை.

பெரிய வெளிநாட்டு வண்டிகளுக்கும் இதே நியாயம்தான். பிஎம்டபிள்யூவின் பழைய பாக்ஸர் வண்டிகளிலும், 1975-இல் வந்த ஹோண்டா கோல்டு விங்கிலும் செயின் இல்லை, ஷாஃப்ட். பிஎம்டபிள்யூ பின்பெட்டியின் மேல் 33/11, 32/10, 37/11 என்று பல்விகிதம் பொறித்திருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதலாவது மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று, கடைசி 3.36. பொறித்த எண்ணைப் படிக்காமல் வாங்கியவனுக்கு வண்டியின் குணமே மாறிப்போகும்.

விகிதம் என்றதும் உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் 38 பல், முன்னால் 17 பல் என்று வைத்துக்கொள், விகிதம் 2.24. முன்னால் 18 போட்டால் 2.11. நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும். ஆனால் சாமானும் ஆளும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது திணறும். இந்த வண்டியில் முன்பல் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, கழற்றுவது பெரிய வேலை. ஆகவே எந்தப் பல் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய். ஒரிஜினல் எண்ணிக்கையே உனக்கு நல்லது.

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இரு. டிரம், ஹப், பிரேக் தட்டு, ஆக்சில், ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றைச் சோதித்துப் பழசாக வாங்கலாம். ஆக்சிலைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். செயின், பேரிங், பிரேக் ஷூ, ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் நான்கும் புதுசுதான். 15.875 செயினில் இருபது கண்ணி புதிதாக இருக்கும்போது 317.5 மில்லிமீட்டர், இரண்டு சதவீதம் நீண்டு ஏறக்குறைய 324 வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நீண்ட செயினைப் புதுப் பல்லில் போட்டால் அந்தப் பல்லும் சீக்கிரம் போகும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் பிறந்தவன் நீ, ரப்பரின் குணம் உனக்குத் தெரியும். எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊதிப்போகும், வருடம் ஆக ஆக இறுகிப் பொடியும். அந்த ரப்பர்தான் எஞ்சினின் ஒவ்வொரு உதைப்பையும் வாங்கிக்கொண்டு செயினைக் காப்பாற்றுகிறது. மாட்டும்போது கிரீஸ் தடவாதே, சோப்புத் தண்ணீர் போதும்.

தேடுவதை நம் ஊரிலிருந்து தொடங்கு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பட்டறைகளில் பழைய மேஸ்திரிகளிடம் மரியாதையாகப் போய் நின்று கேள். அடுத்தது திருவனந்தபுரம், மதுரை. அங்கும் கிடைக்கவில்லையென்றால் சென்னை. புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழசுக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் தேய்ந்த டிரம்மைப் பையில் எடுத்துக்கொண்டு போ. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. போக முடியாவிட்டால் உன் அளவுகளை அனுப்பி, கடைக்காரர் வெர்னியரை வைத்து அளக்கிற படத்தைக் கேள். அவர் மறுத்தால் அடுத்த கடை. பில் கேட்டு வாங்கு. பில் இல்லாத மலிவுச் சாமான் யாரோ ஒரு பையனின் திருட்டுப்போன வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். புது வண்டியின் டிஸ்க் பிரேக்கோடு முழுப் பின்பகுதியையும் மாட்டித் தருகிறேன் என்பவர்களிடமும் விலகி இரு. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

முட்டம், குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோரத்தில் நின்ற வண்டியின் சாமான் என்றால் இரட்டைக் கவனம் தேவை. உப்புக்காற்று வெளியே பெயின்டை விட்டுவிட்டு உள்ளே அரிக்கும். ஸ்போக் துளைகளையும் பேரிங் குழியையும் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்த பிறகே விலை பேசு.

மாட்டிய பிறகு ஆக்சிலின் இரண்டு பக்கமும் செயினை இறுக்கும் நத்தைத் தகடுகள் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் நிற்கட்டும். அதோடு நூல் பிடித்து இரு சக்கரமும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார். செயினின் தளர்வைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுகும் இடத்தில் வைத்துச் சரிசெய். ஆள் உட்கார்ந்த நிலையிலும் பார். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பிறகு குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஒருநாள் ஓட்டிவிட்டு வா. இறங்கியதும் ஹப்பைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ இறுக்கிப் பிடிக்கிறது. எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிய பிறகே நெடும்பயணம்.

இத்தனை கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரியில் முடிகிற என்.எச். 44, ஸ்ரீநகரிலிருந்து 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவருகிற சாலை. அதில் லாரிகளுக்கு நடுவே ஓடும்போது பின்சக்கரத்தில் செயின் அறுந்து சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்று. மேலே சொன்ன அளவுகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. நான் சரிபார்த்துச் சொன்ன பிறகு புதுப்பேட்டைக்காரரிடம் அதே அளவுகளைக் கேள். ஒத்துவந்தால் தயங்காமல் வாங்கு. அந்த நோட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்துக்கொள். அடுத்த முறை நீயாகவே தேடிக்கொள்வாய், பிறகு நாலு பேருக்கு வழியும் சொல்வாய்.

அன்புடன்,
உன் மாமா