மொலேலாவின் மண் தெய்வங்கள்

ராஜஸ்தான் மாநிலத்தின் ராஜ்சமந்த் மாவட்டத்தில், நாதத்துவாரத்துக்கு அண்மையில், பனாஸ் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் மொலேலா. இவ்வூர்க் குயவர்கள் சுடுமண் தெய்வ உருவங்களை வனைவதில் பெயர் பெற்றவர்கள். தேவநாராயணர், பாபுஜி, தேஜாஜி, பைரவர், நாகதேவர் முதலியோரின் உருவங்கள் தட்டையான மண் பலகையின்மீது புடைப்பாக அமைக்கப்படுகின்றன. இவர்களுள் பாபுஜியும் தேஜாஜியும் ஆநிரை காக்கப் போரிட்டு உயிர் துறந்து, பின்னர்த் தெய்வமாகப் போற்றப்பட்ட வீரர்கள் என்பது மக்களின் நம்பிக்கை.

வாங்குவோர் யார்?

பில், மீனா, கராசியா முதலிய பழங்குடி மக்களும் குஜ்ஜர் முதலிய கால்நடை வளர்ப்போரும் இவ்வுருவங்களைத் தொன்றுதொட்டு வாங்கி வருகின்றனர். 'போபா' எனப்படும் பூசாரியுடன் மொலேலாவுக்கு வந்து, உருவத்தைத் தேர்ந்தெடுத்து, தம் ஊரிலுள்ள 'தேவ்ரா' எனும் சிறு கோயிலில் நிறுவுகின்றனர். குயவர் கையில் அது மண் பலகை. உரிய சடங்குகள் முடிந்தபின் ஊரைக் காக்கும் ஆற்றல் அதில் குடிகொள்வதாகக் கருதப்படுகிறது. நாளடைவில் சிதைந்த உருவத்துக்கு மாற்றாகப் புதியது வாங்கப்படுவதால் குயவருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கிறது.

செய்முறை

குளத்து மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, நீரில் ஊறவைத்துப் பிசைகின்றனர். அத்துடன் கழுதைச் சாணம் சேர்க்கப்படுகிறது. இம்மண்ணைப் பலகையாகத் தட்டி, அதன்மீது உருவத்தை அச்சின்றிக் கையாலேயே அமைக்கின்றனர். உட்புறம் பொள்ளலாக விடப்படுகிறது. நன்கு உலர்ந்தபின் சூளையில் சுட்டு, தேவைக்கேற்ப வண்ணம் தீட்டுகின்றனர்.

பிறர் கழிவென ஒதுக்கும் சாணத்துக்கு இங்கு இன்றியமையாத பணி உண்டு. கழுதை அசைபோடும் விலங்கன்று. ஆகவே அதன் சாணத்தில் நார் முழுதும் அரைபடாமல் எஞ்சி நிற்கும். ஈர மண்ணை அந்நார் பிணைத்து, உலரும்போது வெடிப்பு ஏற்படாமல் தடுக்கிறது. சூளையில் அது எரிந்துபோக, நுண்துளைகள் உண்டாகின்றன. உருவத்தின் எடை குறைவதற்கும், நீராவி வெளியேறுவதற்கும் இத்துளைகள் உதவுகின்றன.

இன்றைய சிக்கல்

மொலேலா மண்வேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. 2012-ஆம் ஆண்டில் இவ்வூர்க் கலைஞர் மோகன்லால் குமாருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. நகர மக்களும் சுவர் அலங்காரத்துக்காக இப்பலகைகளை வாங்குகின்றனர். ஊர்க்காட்சி, திருமணம், யானை, மயில் என்று புதிய பொருள்களும் உருவாக்கப்படுகின்றன. இதனால் வருவாய்க்குப் புதிய வழி பிறந்துள்ளது. ஆயினும் சுவர் அலங்காரமாக வாங்கியவர் அதனை மாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. மீண்டும் மீண்டும் வருபவர் தேவ்ராவுக்கு வாங்கும் சிற்றூர் மக்களே.

மூலப்பொருளைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் ஏறத்தாழ 3.2 இலட்சமாக இருந்த கழுதைகள், 2019-இல் 1.2 இலட்சமாகக் குறைந்தன. ராஜஸ்தானில் இவ்வெண்ணிக்கை சுமார் 81,000-லிருந்து 23,000 ஆக வீழ்ந்தது. சுமை தூக்கும் வேலையை ஊர்திகள் ஏற்றுக்கொண்டது இதற்கு ஒரு காரணம். போக்குவரத்துத் துறையில் நேர்ந்த மாற்றம், தொடர்பற்றதாகத் தோன்றும் ஒரு கைவினையின் அடிப்படையைத் தொடுகிறது.

2023-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் விசுவகர்மா திட்டம் குயவர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பயிற்சி, கருவிக்கான உதவித்தொகை, 5 விழுக்காடு வட்டியில் கடன் ஆகியவற்றை வழங்குகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மொலேலாக் குயவரின் முதன்மைக் கருவி அவரது கையே. அவருக்குக் குளத்து மண் எடுக்கும் உரிமையும் சாணமும் தடையின்றிக் கிடைத்தாக வேண்டும். கைவினை வளர்ச்சிக்குத் திட்டமிடுவோர் விற்பனை நிலையத்தோடு குளக்கரையையும் கழுதைக் கொட்டிலையும் கணக்கில் கொள்வது நலம்.