எட்டு மா நிலமும் ஒரு டிரங்குப் பெட்டியும்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சித்தப்பா ஒரு கதையை எடுப்பார். "நம்ம ஆத்தங்கரை வயல் இருக்கே, அது ராஜா குடுத்த மானியம்." எந்த ராஜா என்பது மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். ஒரு தடவை மதுரை நாயக்கர், ஒரு தடவை புதுக்கோட்டைத் தொண்டைமான். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே, இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மூன்று வருடம் ஆயிற்று. அந்த அலைச்சலில் கற்றதையும், அதைவிட அதிகமாக ஏமாந்ததையும் எழுதிவைக்கிறேன். திருச்சிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற ஒரு ரயத்துவாரி ஊர், அதாவது பட்டாதாரரே சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய ஊர், எங்களுடையது. ஜமீன் கிராமமாக இருந்தால் பாதை வேறு. அங்கே பெரும்பாலும் 1948ஆம் வருட ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் செட்டில்மென்ட் நடந்திருக்கும். அதற்கு முந்தியது ஜமீன் கணக்கு. அது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மானியக் கதையைச் சோதிப்பது நினைத்ததைவிட எளிது. 1858இல் மதராஸ் மாகாணத்தில் இனாம் கமிஷன் போட்டார்கள். மானியம் அனுபவிக்கிற ஒவ்வொருவரும் வந்து, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதில் உருவானதுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். முதலில் மானியம் பெற்றவர் பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயர், அவர் வயது, முன்னவருக்கு என்ன உறவு என்று வரிசையாகக் கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். அர்ச்சகர், நாதஸ்வரக்காரர், தச்சர், கொல்லர், ஊர்க்காவல் என்று ஊழிய மானியம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இது புதையல். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறை கிடைத்துவிடும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பக்கங்களைப் பார்த்தேன். பிள்ளையார் கோயிலுக்கு மானியம் இருந்தது. வண்ணாருக்கும் நாவிதருக்கும் இருந்தது. எங்களுக்கு இல்லை.

சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "அது வேற ரிஜிஸ்டர்ல இருக்கும், நல்லாப் பாரு" என்றார்.

நல்லாப் பார்ப்பதற்கு எனக்கு முதலில் பெயர்கள் வேண்டும். அவை ஏட்டில் கிடைக்கவில்லை, ஆற்றங்கரையில் கிடைத்தன. சித்தப்பா ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் திதி கொடுப்பவர். ஐயர் கேட்கும்போது தகப்பன் வழியில் மூன்று தலைமுறைப் பெயரையும் தடுமாறாமல் சொல்வார். என் தாத்தா, பூட்டன், ஓட்டன். அந்த வீட்டுப் பெண்களின் பெயர்களும் அந்த வரிசையில்தான் பிழைத்திருக்கின்றன. பட்டாவில் அவர்கள் கிடையாது. உங்கள் வீட்டில் திதி கொடுக்கிறவர் இருந்தால் முதலில் அவரை உட்காரவைத்து எழுதிக்கொள்ளுங்கள். காப்பகம் எங்கேயும் போய்விடாது, அவருக்கு வயதாகிறது.

பெயர் கிடைத்த உற்சாகத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன். பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர். என் தாத்தாவுக்கும் அவருடைய தாத்தாவுக்கும், அதாவது என் ஓட்டனுக்கும், ஒரே பெயர். 1950களின் பதிவேடு ஒன்றில் அந்தப் பெயர் இருந்தது. அறுபது வருடம் முந்தைய பதிவேட்டிலும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆளாக்கி, கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் நூற்றுப் பத்து வயது வரை ஏர் உழுதிருக்கிறார்! பட்டாவில் பெயர் இருந்தால் அந்த ஆள் அப்போது உயிரோடிருந்தார் என்று அர்த்தமில்லை. கிஸ்தி ஒழுங்காகக் கட்டுகிற வரைக்கும் யாரும் பெயர் மாற்றக் கேட்பதில்லை. செத்து நாற்பது வருடமானவர் பெயரில் பட்டா ஓடிக்கொண்டிருப்பது அன்றும் சகஜம், இன்றும் சகஜம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பிடியுங்கள். இன்றைய பட்டா, சிட்டாவும் 'அ' பதிவேடும் அரசின் இ-சேவை தளத்திலேயே கிடைக்கும். அதில் உள்ள புல எண் பெரும்பாலும் 1980களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவு செய்து எழுதியது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகாவிலோ இருக்கிற யு.டி.ஆர். 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு என்று ஒரு கலம் உண்டு. அந்தப் பழைய எண்ணோடு ரீசெட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து முதல் செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு. அதில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில், சர்வேக்கு முந்தைய பைமாஷ் எண்ணும் இருந்தால் இன்னும் ஒரு படி பின்னால் இறங்கலாம். நஞ்சையா புஞ்சையா, எந்த வாய்க்கால், என்ன தரம், ஏக்கருக்கு என்ன தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். முப்பது வருடத்துக்கு ஒருமுறை தீர்வையைத் திருத்துவது வழக்கம் என்பதால் இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே சுமார் ஒரு தலைமுறை. ஒவ்வொரு படியிலும் பரப்பளவை ஒத்துப் பாருங்கள். எங்கள் வயல் இன்று 1.07 ஹெக்டேர். பழைய பதிவேட்டில் 2 ஏக்கர் 64 சென்ட். பெருக்கிப் பார்த்தால் சரியாக வந்தது. வரவில்லையென்றால் தப்பான வயலில் நிற்கிறீர்கள்.

பதிவேடுகளில் வருடம் ஃபசலியில்தான் இருக்கும். 590ஐக் கூட்டினால் ஆங்கில வருடம். ஜூலை 1ஆம் தேதி பிறக்கிற வருடம் அது. ஃபசலி 1287 என்றால் 1877 ஜூலையிலிருந்து 1878 ஜூன் முடிய. மாவட்டம் பிரிந்த கதையையும் கையோடு தெரிந்துகொள்ளுங்கள். கரூரும் பெரம்பலூரும் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தன. பழைய கட்டுகள் தாய் மாவட்டத்திலேயே தங்கியிருக்கலாம். ஓர் அலுவலகத்தில் எங்கள் ஊர்க் கட்டைக் கேட்டதற்கு "கரையான் அரிச்சிடுச்சும்மா" என்றார்கள். எட்டு மாதம் கழித்து அதே கட்டு, அதே அலமாரியில், வேறோர் ஊழியர் கையில் கிடைத்தது. கரையான்மேல் பழி போடுவது நம் அலுவலகங்களின் பழைய பழக்கம். எழுத்து மூலமாகக் கேளுங்கள், நகல் மனு போடுங்கள், தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இப்படி நம்பரைப் பிடித்துப் பின்னால் போனதில், ரீசெட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் ஓட்டன் இருந்தார். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே வயலுக்கு நேரே வேறொரு பெயர் இருந்தது. எங்கள் வம்சத்திலேயே இல்லாத பெயர்.

நடுவில் என்ன நடந்தது? பத்திரப்பதிவு 1865 முதலே இருக்கிறதே என்று வில்லங்கம் போட்டுப் பார்க்கத் துணிந்தேன். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிறகானது. அதற்கு முந்தியதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையால் எழுதிய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். தேடினார்கள். ஒன்றும் இல்லை. அதற்கான காரணம் பின்னால்தான் புரிந்தது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று அப்போது சட்டமில்லை. பழைய பத்திரங்களில் 99 ரூபாய், 95 ரூபாய் என்று வந்தால் விலை அவ்வளவுதான் என்று நம்பிவிட வேண்டாம். பதிவுச் செலவுக்குப் பயந்தும் அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பத்திரம் அரசாங்கத்திடம் இருக்காது. வீட்டுப் பரணில் இருக்கும்.

எங்களுடையது சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சித்தி நவராத்திரிக்குப் பொம்மை எடுக்கப் பெட்டியை இறக்கியபோது, அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே மடித்த காகிதம். மடிப்பெல்லாம் பழுப்பாகி உதிர்ந்தது. தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். பிரிக்கும் முன்பும் பிரித்த பின்பும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், போதும்.

தேதி: ஈஸ்வர வருஷம் தை மாதம். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஈஸ்வர 1817இலும் வந்தது, 1877இலும் வந்தது, 1937இலும் வந்தது. எதில் நிறுத்துவது? முத்திரையில் விக்டோரியா ராணியின் தலை இருந்தது, அதனால் 1937 இல்லை. உள்ளே சர்வே நம்பர் குறிப்பிட்டிருந்தது. எங்கள் பக்கம் சர்வே நடந்தது 1858க்கு அப்புறம், அதனால் 1817 இல்லை. ஆக 1877 சித்திரையில் பிறந்த ஈஸ்வர. அதன் தை என்றால் 1878 ஜனவரி, பிப்ரவரி. தாது வருஷப் பஞ்சம் ஊரைச் சுரண்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம்.

தேதிக்குக் கீழே ஓரிடத்தில் "அமா" என்று இருந்தது. தை மாதத்துப் பத்திரம் ஆயிற்றே, தை அமாவாசையன்று எழுதியிருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பக்கத்து ஊரில் பழைய கணக்குப்பிள்ளையின் மகன் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். 1980இல் பரம்பரைக் கர்ணம் வேலையை அரசு ஒழித்தபோது அப்பாவுக்கு உதவியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அமாவாசையா? எம்மா, இது 'அ' இல்ல, எட்டு. எட்டு மா."

தமிழ் எண்களில் ஒன்றுக்கு 'க' மாதிரி, இரண்டுக்கு 'உ' மாதிரி, ஏழுக்கு 'எ' மாதிரி, எட்டுக்கு 'அ' மாதிரி. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் கண்ணுக்கு முன்னால் வரும்போது மூளை எழுத்தாகத்தான் படிக்கிறது. எங்கள் பக்கத்து மா நூறு குழி, 33 சென்ட். எட்டு மா என்றால் 2 ஏக்கர் 64 சென்ட். வயல் அதேதான். இருபது மா ஒரு வேலி. ஊருக்கு ஊர் அளவுகோல் மாறும் என்பதால் உங்கள் பக்கத்துக் குழி எத்தனை சதுர அடி என்று பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் பெருக்குங்கள்.

அவர்தான் மீதியையும் படித்துக் காட்டினார். விற்றது ஒரு விதவை. செட்டில்மென்ட் பதிவேட்டில் பார்த்த பெயர் அவளுடைய புருஷன். அந்தக் காலத்தில் விதவைக்குச் சொத்தில் ஆயுள் உரிமைதான். தக்க அவசியம் இல்லாமல் விற்றால் புருஷன் வழிப் பங்காளிகள் வழக்குப் போட்டு உடைத்துவிடலாம். அதனால் இப்படிப்பட்ட பத்திரங்களில் ஏன் விற்கிறாள் என்று விலாவாரியாக எழுதி, பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வம்சம் தேடுகிறவர்கள் விதவைகள் எழுதிக்கொடுத்த பத்திரத்தை முதலில் தேட வேண்டும். ஒரு குடும்ப மரமே அதில் இருக்கும். இதிலும் இருந்தது, அவள் குடும்பத்தின் மரம். காரணம் இரண்டு: சர்க்கார் கிஸ்தி பாக்கி, மைனர் பிள்ளைகளின் ஜீவனம். கிரயம் ரூபாய் 95. அதில் "முன் பற்றிய நெல்லுக்காக" 64 ரூபாய் கழித்து, ரொக்கம் 31. கீழே இரண்டு கோடு குறுக்கே கீறி, பக்கத்தில் வேறொருவர் கையால் இன்னாள் தற்குறி என்று எழுதியிருந்தது. இன்று வசவாகப் புழங்குகிற அந்தச் சொல், எழுதத் தெரியாதவர் தானே இட்ட குறி என்கிற அர்த்தத்தில் எத்தனையோ பத்திரங்களில் கிடக்கிறது. அவள் பெயர் தெளிவாகவே இருந்தது. இங்கே எழுதப்போவதில்லை. அவளுடைய வழியில் வந்தவர்கள் எங்களுக்கு மேலத் தெருவில் இருக்கிறார்கள்.

வாங்கியவரை, அதாவது என் ஓட்டனை, கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஓர் ஊரிலிருந்து வந்து குடியிருப்பவர் என்று பத்திரம் சொன்னது. அவர் தகப்பனார் பெயரும் இருந்தது. ஒரே வரியில் இன்னொரு தலைமுறையும் இன்னோர் ஊரும். மறு வாரமே அந்த ஊரின் செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்த்தேன். முதல் சர்வே எண்ணிலிருந்து கடைசி வரை மூன்று தடவை விரலை வைத்துப் படித்தேன். அந்தப் பெயர் இல்லை. இனாம் ரிஜிஸ்டரிலும் இல்லை. அங்கே அவர்களுக்கு நிலம் இருந்ததில்லை. குத்தகைக்கோ கூலிக்கோ உழுதவர்கள். தீர்வை கட்டாதவனைத் தீர்வைக் கணக்கில் எப்படித் தேடுவது?

நிலமே வைத்துக்கொள்ள விடப்படாத சாதிகளில் பிறந்தவர்களுக்கு இந்தச் சுவர் முதல் அடியிலேயே வந்துவிடும். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் பதிவு அவர்களில் சிலருக்கு உதவலாம். கடல் கடந்து போனவர்களுக்கு வேறு கதவு உண்டு. 1860 முதல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஊரில் ஒரு சென்ட் இல்லாதவனின் தகப்பன் பெயர் டர்பனில் பத்திரமாக இருக்கிறது.

போன ஆவணியில் அத்தை பேரனுக்குக் கல்யாணம். பந்தி முடிந்தது. சித்தப்பா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே ஆரம்பித்தார். "நம்ம ஆத்தங்கரை வயல் இருக்கே..." எதிரில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சுண்ணாம்பைத் தடவினார். "அதுல இந்த வருஷம் குறுவை நல்லா வந்துச்சு" என்றார்.