பழஞ்சேலைப் போர்வை: மருமகளுக்கு ஒரு கடிதம்

பொன்னேரி

அன்பு மருமகளே,

நீ தைத்த போர்வையை அண்ணன் பழவேற்காட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். கட்டிலில் விரித்துப் பார்த்தேன். நிறம் சேர்ப்பதில் உனக்கு நல்ல கண் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் சுருங்கிப்போச்சு, கை சரியில்லையோ என்று எழுதியிருக்கிறாய். கையின் மேல் பழி போடாதே. பருத்திச் சேலைக்கு நடுவில் பாலியஸ்டர் பிட்டுத்துணியைச் சேர்த்திருக்கிறாய். பருத்தி சுருங்கியது, அது சுருங்கவில்லை. பிறகு எப்படி மட்டமாக இருக்கும்?

எந்தத் துணி என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டு. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உருண்டு நிற்கும். பாட்டி கட்டிக் கட்டி நைந்த சேலையோடு கடையில் வாங்கிய புதுத் துணியைச் சேர்த்ததும் சரியில்லை. புதுத் துணியின் முறுக்கைப் பழையது தாங்காது, தையல் ஓரத்திலேயே கிழியும். வயதில் ஒத்த துணிகளாகப் பொறுக்கு.

அந்தச் சிவப்புத் துண்டு சாயம் விட்டிருக்கிறது. வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாக நனைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். நிறம் ஒட்டினால் அதை ஒதுக்கிவிடு, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நம் பழவேற்காட்டில் புதர் மண்டிக் கிடக்கிறதே கெல்ட்ரியா கோட்டை, அதை 1613இல் டச்சுக்காரர்கள் கட்டியது முக்கியமாகத் துணி வியாபாரத்துக்குத்தான். இந்தக் கரையின் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிக்கு அவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணமே நிற்கிற சாயம். படிகாரமும் சாயவேரும் சேர்ந்த சிவப்பு துவைத்தாலும் போகாது. ஐரோப்பாவில் அதைப் போர்வையின் மேல்துணியாக வைத்துத் தைத்தார்கள். மிஞ்சிய துண்டில் இருந்த பூவைக்கூடக் கத்தரித்து, வெறும் துணிமேல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள்.

நடுவில் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சு காயவே காயாது. கட்டி கட்டியாகிப் பூஞ்சை பிடிக்கும். வங்காளத்துக் காந்தாவிலும் பஞ்சு கிடையாது, பழைய சேலைகளின் அடுக்குதான். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்துப் பார், ஆறடி நீளம் வரும். ஒரு ஆள் படுக்க அது போதும். அதன் மேல் துண்டுகளை வை. காலையில் கொடியில் போட்டால், வெயில் இருந்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

இனி தையல். உன் ஓட்டுத் தையல் ஓரிடத்தில் அரிசி அளவு, ஓரிடத்தில் அரை விரல். உன் அப்பா வலை பின்னும்போது கண் ஒரே அளவாக வருவதற்கு மூங்கில் சில்லு ஒன்றை வைத்துக்கொள்வாரே, அதுபோல் உனக்கும் ஓர் அளவு வேண்டும். இடது கட்டைவிரல் நகத்தில் பேனாவால் இரண்டு கோடு போட்டுக்கொள். நூல் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். நீள ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குட்டை ஊசி வாங்கு. துணிக்கு அடியில் இடது கை நடுவிரல் இருக்கட்டும்; ஊசிமுனை அந்த விரலைத் தொட்டதும் மேலே திருப்பு. முதல் வாரம் விரல் புண்ணாகும், பிறகு காய்த்துவிடும். நூலை வெடுக்கென்று இழுக்காதே. இழுத்த இடமெல்லாம் துணி சுருக்கிக்கொண்டு நிற்கிறது பார்.

அடுக்குகளை முதலில் பெரிய பெரிய தையலாக, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிடித்துவை. உத்தர கன்னடத்தில் சித்தி என்ற இனத்துப் பெண்கள் இதற்கு நேர்மாறாக, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணிப்பூ வைத்துத்தான் முடிப்பார்கள். அழகான வேலை. ஆனால் அது சிறுவயதிலிருந்து பழகிய கை. உனக்கு இப்போதைக்கு நடுவிலிருந்து போவதுதான் சரி.

கோடு கோணுவதைப் பற்றிக் கவலைப்படாதே. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளில் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள், 2006இல் தபால்தலையாகவும் போட்டார்கள். அவற்றில் பலவற்றில் கோடு கோணல்தான். கோணலை மன்னிக்கலாம். தொளதொளவென்று கிடக்கிற தையலைத்தான் மன்னிக்க முடியாது, அதில் குழந்தையின் கால்விரல் மாட்டும்.

பூநாரை பார்க்க வருகிறவர்களிடம் விற்கலாம் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வேண்டாம். அடுத்ததைச் சின்னதாக, உன் அக்கா குழந்தைக்குத் தை. குழந்தை நனைக்க நனைக்க, தினமும் துவைத்து, போர்வை ஒரு மழைக்காலம் தாண்டட்டும். எங்கே நூல் விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இரு. விலையை அதற்குப் பிறகு பேசுவோம்.

தீபாவளித் தையல் முடியும்வரை எனக்குத் தலை நிமிர நேரமில்லை. கார்த்திகையில் வந்து இரண்டு நாள் தங்கு. வரும்போது வீட்டில் கிடக்கிற பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து எடுத்து வா. கத்தரிக்கோல் கொண்டு வராதே, உன்னுடையது மொட்டை, என்னுடையதில் வெட்டிக்கொள்ளலாம்.

உன் அத்தை