பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்



ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் தம் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பால் ஆகாது. உடம்பெல்லாம் தடித்திருந்தது. "பாலையே கண்ணில காட்டுறதில்ல, டிரசர் ஐயா. காலைப் பசியாற மீ சூப்புதான் கொடுத்தேன்" என்றார். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். தூளில் பால் மாவு கலந்திருப்பதாக அதிலேயே அச்சிட்டிருந்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. மீ சூப்பில் பால் இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

பால் ஆகாதவர்கள் இரு வகை. சிலருக்குப் பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. வயிறு உப்பும், பேதியாகும். இவர்களில் பலர் சிறிதளவு பாலைத் தாங்குவார்கள். வேறு சிலருக்குப் பாலிலுள்ள புரதமே ஒவ்வாது. இவர்களுக்குச் சிட்டிகையளவும் ஆபத்தாகலாம். ஆட்டுப்பாலும் கொடுக்கக் கூடாது.

மீ கட்டி பெரும்பாலும் கோதுமை மாவு, செம்பனை எண்ணெய், உப்பு சேர்ந்தது. பால் அதிகமாக ஒளிந்திருப்பது தூள் பையில்தான். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பாலோ பால் பொருளோ சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆகவே வாங்குமுன் பாருங்கள்:

1. சூசு, மெந்தேகா (வெண்ணெய்), கேஜு (பாலாடைக்கட்டி), லக்தோசா, வே, கசேயின் – இவற்றில் ஒன்று இருந்தாலும் பால் உண்டு.

2. சந்தான் என்றால் தேங்காய்ப்பால். அது மாட்டுப்பால் அல்ல. ஆனால் கறி மீ, லக்சா பொட்டலங்களில் வரும் தேங்காய்ப்பால் தூளிலும், 'பால் கலவாத' கிரீமரிலும் சோடியம் கசேயினேட் சேர்ப்பதுண்டு. அதுவும் பால் புரதமே.

3. 'முங்கின் மெங்கான்டுங்கி' என்றால் 'கலந்திருக்கக்கூடும்' என்று பொருள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

4. ஹலால் முத்திரையும் சைவம் என்ற சொல்லும் பால் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல.

5. கோழிச் சுவை ஒத்துக்கொண்டதென்று கறிச் சுவையை நம்பாதீர்கள். தயாரிப்பும் மாறலாம். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கமென்ன?

இன்னொன்று. பாலை நிறுத்திய பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து குறையும். மீ அதற்கு ஈடாகாது. அதில் உப்பும் அதிகம். தலையோடு நெத்திலி, தௌஹு, கீரை கொடுங்கள். கைக்குழந்தையானால் டாக்டரைக் கேட்காமல் பாலை மாற்றாதீர்கள்.

சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள்.

அந்தப் பையன் இப்போது நலம். அவன் அம்மா கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.