தோட்டச் சாலைக்கு ஒரு பிக்-அப்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலை எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பிரட்டுக் களத்திற்கு நடந்து பழகிய கால்கள் அதனை நன்கறியும். அத்தகைய சாலையில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனம் முதன்முதலில் ஓடியபோது, அது துரைமார்களின் வாகனமாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், அவசரகாலச் சட்டம் நிலவிய ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் ஜப்பானிய பிக்-அப் வாகனங்கள் வந்தன. 1968இல் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸ், 1979இல் நான்கு சக்கர இயக்கத்தையும் பெற்றது. இன்று அவ்வகை வாகனத்தைத் தொழிலாளர் குடும்பங்களும் வாங்க விழைகின்றன. சொந்தமாகச் சில ஏக்கர் இரப்பர் வைத்திருப்போர், குத்தகை வேலை எடுப்போர், பிள்ளைகள் பட்டணத்தில் சம்பாதிக்கும் வீட்டார் ஆகியோரிடம் இவ்விருப்பம் தோன்றுவது இயல்பே.

விருப்பம் நல்லதுதான்; ஆயினும் கடைக்குச் செல்லுமுன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு கணக்குகள் போட்டாக வேண்டும். ஒன்று பணக் கணக்கு. மற்றொன்று எடைக் கணக்கு. முன்னதைப் பலரும் அரைகுறையாகவேனும் போடுகின்றனர். பின்னதைப் போடுவார் அரியர்.

பணத்தை முதலில் நோக்குவோம். எளிமைக்காக வாகனத்தின் விலை 100,000 வெள்ளி எனக் கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணமாகச் செலுத்தினால் கடன் 90,000 வெள்ளி. முழுக் கடன்தொகைக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்ற நிலையான வட்டி முறையில் கணக்கிட்டால், ஐந்தாண்டுத் தவணைக்கு வட்டி 13,500 வெள்ளி. மாதத் தவணை 1,725 வெள்ளி. ஒன்பதாண்டுத் தவணையாயின் மாதந்தோறும் 1,058 வெள்ளியே. ஆனால் வட்டி 24,300 வெள்ளியாக உயர்ந்துவிடும். தவணை சிறுத்ததைக் கண்டு மகிழ்வோர், 10,800 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதைக் காண்பதில்லை. வட்டி முழுத்தொகைக்குக் கணக்கிடப்படுகிறதா, குறைந்து வரும் நிலுவைக்கு மட்டும் கணக்கிடப்படுகிறதா என்று வங்கியில் கேட்டறிதல் வேண்டும். விழுக்காடு ஒன்றாகவே தோன்றினும் இவ்விரண்டு முறைகளும் தரும் தொகைகள் வெவ்வேறானவை.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒன்பதாண்டுத் தவணைகூட அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஆதலால் ஒருவர் சம்பளத்தை மட்டும் நம்பி இவ்வாகனத்தை வாங்குதல் ஆகாது. வீட்டில் இருவர் மூவர் சம்பாதிக்க வேண்டும். அல்லது வாகனமே தன் தவணையின் ஒரு பகுதியையேனும் ஈட்டித் தர வேண்டும். ஐம்பத்தைந்தாம் வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதியை எடுத்து முன்பணமாகக் கட்டுவோரும் உளர். முதுமைக்கென வைத்த பணத்தை ஆண்டுதோறும் விலை குறையும் பொருளில் இடுவது எம் கருத்தில் தகாத செயலாகும்.

டீசல் செலவும் முன்பு போலில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் டீசலின் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதம் 150 லிட்டர் செலவழிக்கும் வாகனத்திற்கு அன்றே 180 வெள்ளி கூடிற்று. தகுதியுடையோருக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகையும் அப்போது அறிவிக்கப்பட்டது. சிறுதோட்டக்காரர்களுக்கும் அதில் இடமிருந்தது. தாம் தகுதியுடையவரா என்பதை வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நன்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் வாங்குவோருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினாலன்றி வாகனத்தைப் பறிமுதல் செய்தல் இயலாது; அதற்கும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் செலுத்தப்பட்டிருப்பின் நீதிமன்ற ஆணை வேண்டும். வாங்கியவர் இறந்துவிட்டால், தொடர்ந்து நான்கு தவணைகள் தவறும் வரை குடும்பத்தாரிடமிருந்து வாகனத்தை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் இச்சட்டத்தின் அட்டவணை சரக்கு வாகனங்களுக்கு 2,540 கிலோகிராம் என்னும் மொத்த எடை வரம்பை வைத்தது. இன்றைய பிக்-அப் பலவும் சுமையோடு சேர்த்து நிறுத்தால் இவ்வரம்பைத் தாண்டுவன. எனவே, ‘என் ஒப்பந்தம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா?’ என்று கேட்டு, விடையை எழுத்து மூலம் பெற்றுக்கொள்க. மேலும், பிறருக்காகப் பிணைக் கையெழுத்து இடுவோர், கடனைத் தாமே வாங்குவதாக எண்ணிக்கொண்டு இட வேண்டும். மூன்று குடும்பங்கள் கூடி வாங்கினாலும் கடன் எவர் பெயரில் உள்ளதோ அவரையே வங்கி தேடி வரும்.

இனி வாகனத்தைப் பார்ப்போம். உயரமாக நிற்பதெல்லாம் நான்கு சக்கர இயக்கம் உடையதன்று. தோற்றத்தில் ஒன்றாயிருந்து பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகைகளும் விற்பனையில் உள்ளன. ஓட்டுநர் இருக்கையருகே ‘2எச்’, ‘4எச்’, ‘4எல்’ என்ற குறிகளுடைய குமிழோ நெம்புகோலோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ‘4எச்’ என்பது சேற்றிலும் சரளையிலும் வழக்கமான வேகத்தில் செல்வதற்கானது. ‘4எல்’ என்பது வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தாழ்நிலை. செங்குத்தான சரிவில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை ஓயாது மிதிப்பதைவிட, ‘4எல்’ நிலையில் முதல் கியரில் இறங்குவதே பாதுகாப்பானது. அந்நிலைக்கு மாற்ற வாகனத்தை நிறுத்திவிட்டு கியரை நடுநிலைக்குக் கொணர வேண்டும். சரிவின் பாதியில் நினைவு வந்து பயனில்லை. பெரும்பாலான பிக்-அப் வாகனங்களில் இவ்விரண்டு நிலைகளையும் காய்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தலாகாது. வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் இயக்கத் தண்டுகள் முறுக்குண்டு பழுதாகும்.

வீடு வரை நல்ல சரளைச் சாலை உள்ளவர்களுக்கு, பின்சக்கரம் மட்டும் இயங்கும் ஒற்றை அறை பிக்-அப் போதுமானது. விலை குறைவு, எடை குறைவு, ஏற்றும் பாரமோ மிகுதி. இதனை விற்பனையாளர் சொல்லமாட்டார்.

எடைக் கணக்கு இங்குதான் தொடங்குகிறது. ‘ஒரு டன் வண்டி’ என்று வழக்கில் சொல்லுகிறோம். கையேட்டில் மொத்த எடை வரம்பு என ஓர் எண்ணும், வெற்று எடை என ஓர் எண்ணும் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வருவதே அவ்வாகனம் சுமக்கத்தக்க பாரம். மொத்த வரம்பு 2,900 கிலோ, வெற்று எடை 1,950 கிலோ எனக் கொள்வோம். மீதி 950 கிலோ. இதில் ஓட்டுநரும் அடக்கம், பயணியரும் அடக்கம், நாம் பூட்டும் ஒவ்வோர் இரும்பும் அடக்கம்.

இப்போது வாகனத்தை அலங்கரிப்போம். முன்புறம் எஃகுப் பம்பர் 60 கிலோ; அதில் வின்ச் என்னும் இழுவைப்பொறி 40 கிலோ; பின்தட்டின் மேல் கேனப்பி என்னும் மூடுகூடு 70 கிலோ; கூடுதலாக ஒரு மாற்றுச் சக்கரம் 35 கிலோ. ஆக 205 கிலோ போயிற்று. ஆளுக்கு 65 கிலோவாக ஐவர் அமர்ந்தால் 325 கிலோ. எஞ்சியது 420 கிலோ மட்டுமே. மரப்பால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடையது. 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று, பாலும் பீப்பாயுமாகச் சுமார் 215 கிலோ. இரண்டு பீப்பாய்களை ஏற்றிய அளவிலே 430 கிலோ, வரம்பு கடந்துவிட்டது. பின்தட்டோ இன்னும் பாதி வெறுமையாய்த் தோன்றும்! கண்ணுக்கு இடமிருக்கிறது, அச்சுக்கு இடமில்லை. ஒரு டன் வண்டி வாங்கி அரை டன் வண்டியாக்கிக் கொள்வது இவ்வாறுதான். பின்புறம் தாழ்கிறதென்று கடினமான வில்பட்டைகளைப் பூட்டுவோர், வாகனம் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு வரம்பும் உயர்ந்ததென எண்ணுகின்றனர். சட்டத்தின் வலிமையும் பிரேக்கின் ஆற்றலும் மாறாதிருக்க, வில்பட்டை மட்டும் என் செய்யும்?

எனவே பூட்டும் பொருளை வரிசைப்படுத்தல் வேண்டும். முதலிடம் டயருக்கே. தார்ச்சாலைக்கான டயர் ஈரச் செம்மண்ணில் சில கஜம் உருண்டதும் பள்ளங்கள் அடைபட்டு வழவழப்பாகிவிடும். இருவகைச் சாலைக்கும் பொருந்திய டயரே நம்மவர்க்கு ஏற்றது. சேற்றுக்கெனவே செய்த முரட்டு டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். சேறு ஆழமானால் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதால் டயர் பரந்து பதிந்து பிடிப்புக் கூடும். 240 கிலோபாஸ்கல் அழுத்தத்தை 170 அளவிற்கு இறக்கலாம். அந்நிலையில் மெதுவாகவே செல்ல வேண்டும். பாரம் மிகுதியாயிருப்பின் இறக்கவே கூடாது. தார்ச்சாலையை அடைந்ததும் மீண்டும் ஏற்றியாக வேண்டும். ஆதலின் ஓர் அழுத்தமானியும் சிறு காற்றுப்பொறியும் வண்டியில் இருத்தல் நன்று. விலையிலும் எடையிலும் இவை சிறியன, பயனில் பெரியன.

அடுத்து, புதைந்த வண்டியை மீட்கும் கருவிகள். வின்ச் இல்லாமலே பெரும்பாலும் சமாளிக்கலாம். ஒரு மண்வெட்டி, இரண்டு பலகைகள், தரமான இழுவைப் பட்டை, அதற்குரிய வளையக் கொக்கிகள் இருந்தால் போதும். ஆனால் பட்டையை எங்கே மாட்டுவது என்பதில் உயிரே அடங்கியுள்ளது. பின்னால் இழுவண்டி பூட்டும் உருண்டைக் குமிழில் ஒருபோதும் மாட்டலாகாது. அது வெடுக்கென்ற இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. அறுந்தால் துப்பாக்கிக் குண்டெனப் பாயும். அயல்நாடுகளில் உயிர்கள் பலியானதுண்டு. சட்டத்தில் அறையப்பட்ட மீட்புக் கொளுவியிலேயே மாட்ட வேண்டும். பட்டையின் மீது ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்போரையும் தொலைவில் நிறுத்திவிட்டே இழுக்க வேண்டும்.

வின்ச் உடையோர் மரத்தை நங்கூரமாகக் கொள்வர். நம் தோட்டங்களில் அருகிலிருப்பது இரப்பர் மரமே. சங்கிலியோ கம்பிக் கயிறோ சுற்றினால் பட்டை நசுங்கும், வெட்டுமுகம் பாழாகும். ஒரு மரத்தின் பட்டை எத்தனை ஆண்டுச் சோறு என்பதை மரம் வெட்டுவோர் அறிவர். அகலமான துணிப்பட்டையை, வெட்டுமுகத்திற்குக் கீழே, அடிமரத்தை ஒட்டிக் கட்டுவதே முறை. இளமரத்தைத் தொடவே வேண்டாம்.

வாகனத்தை உயர்த்துதல், அளவு மீறிய டயர் பூட்டுதல் போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். உயர்த்திய வண்டி சரிவில் எளிதில் கவிழும் என்பது ஒருபுறமிருக்க, விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்பவும் அது இடந்தரும். ஆதலால் பூட்டிய பொருள்களைக் காப்புறுதிப் பத்திரத்தில் குறிப்பிடச் செய்க. பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றிச் செல்வது தனி உரிமம் கோரும் தொழிலாகும். அதனைத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமாகிய ஆப்பாட்டில் விசாரிக்க வேண்டும்.

பின்தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்லும் பழக்கம் தோட்டங்களில் நெடுநாளையது. லாரியில் நின்றவாறே வேலைக்காட்டுக்குச் சென்ற தலைமுறையினர் இன்றும் உள்ளனர். அன்று வேறு வழியில்லை. இன்று, தவணை கட்டி வாங்கிய வண்டியின் தட்டில் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் போவதற்கு என்ன காரணம் கூறுவது? இருக்கை வார் இல்லை, பிடிப்பு இல்லை; வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும். தட்டு சுமைக்கே உரியது. இருக்கை எத்தனையோ, ஆள் அத்தனை.

சுமையையும் பின்னச்சுக்கு முன்னால் வைத்து வாரினால் இறுகக் கட்டுதல் வேண்டும். பாதி நிரம்பிய பால் பீப்பாய் முழுப் பீப்பாயினும் தொல்லையானது. வளைவில் பால் ஒருபுறம் ஓடி வண்டியையும் இழுக்கும். இயன்றவரை நிரப்பிய பீப்பாய்களையே ஏற்றுக.

கட்டிப்பால் ஏற்றுவோர்க்கு இன்னொரு செலவு உண்டு. அதிலிருந்து வடியும் நீர் அமிலத் தன்மையுடையது. உறைய வைக்க ஊற்றிய பார்மிக் அமிலமும் அதில் கலந்திருக்கும். தட்டின் இடுக்குகள் வழியே அது கசிந்து சட்டத்தில் தங்கினால், சில ஆண்டுகளிலேயே துரு ஏறிவிடும். கடன் தீருமுன் வண்டி தீர்ந்துவிடும். எனவே முதல் சுமை ஏற்றுமுன்பே தட்டிற்குக் கனமான ஞெகிழி உள்விரிப்பு இடுக. கட்டிப்பாலை விளிம்புள்ள தொட்டிகளில் வைத்து ஏற்றுக. இறக்கிய அன்றே, மறுநாளைக்கு ஒத்திப்போடாமல், தட்டையும் அடிப்புறத்தையும் பின்சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வண்டியைச் சற்றுச் சாய்வான இடத்தில் நிறுத்தி நீரை முற்றிலும் வடியவிட வேண்டும்.