தண்டமா, குப்பை வண்டியா?

கேள்வி: மலையக நகரான எல்லவில் வீதியோரத்தில் குப்பை கொட்டுவோருக்குத் தண்டம் விதித்தால் டெங்கு குறையாதா?

பதில்: தண்டம் தேவைதான், 2007ஆம் ஆண்டிலேயே இலங்கையில் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது நடைமுறையிலிருந்த 2017இல்தான் 1,86,000க்கு மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பின் குப்பை கொட்டப்பட்ட மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தது. அதனால் நகரில் குப்பை அள்ளப்படாமல் தேங்கியது. எறிந்த யோகட் கோப்பையில் சிறிது மழைநீர் நின்றாலும் போதும், பத்து நாளளவில் முட்டை நுளம்பாகிவிடும். நீர் வற்றினாலும் உட்புறம் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே ஒருநாள் சிரமதானம் போதாது, வாராவாரம் வண்டி வரவேண்டும்.

தேயிலைத் தோட்டங்களின் நிலை இன்னும் மோசம். 1987இன் பிரதேச சபைச் சட்டம் சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். வண்டியே எட்டிப்பார்க்காத தோட்ட லயன் வீட்டுக் குடும்பத்திடம் தண்டம் கேட்பது அநியாயம். வீட்டுத் தொட்டியிலும் பூச்சாடியிலும்தானே நுளம்பு பெருகுகிறது என்பார்கள். உண்மைதான், அவற்றை வீட்டார் கவிழ்த்துவிடலாம். பள்ளத்தில் கிடக்கும் குப்பையை யார் கவிழ்ப்பது? வண்டி ஒழுங்காக வந்தும் சரிவில் கொட்டும் ஹோட்டல்களிலிருந்து தண்டம் தொடங்கட்டும்.